எண்டோஸ்கோப் கேமராவை லேப்டாப்பில் இணைப்பது எப்படி? லைட் எரிந்தும் படம் வராதவர்களுக்காக

வாஷ்பேசின் பைப்பில் என்ன அடைத்திருக்கிறது, ஏசிக்குப் பின்னால் தண்ணீர் எங்கிருந்து கசிகிறது, கார் டேஷ்போர்டு இடுக்கில் விழுந்த ஸ்க்ரூ எங்கே போனது என்றெல்லாம் பார்க்க, நீள ஒயர் நுனியில் குட்டி கேமராவும் அதைச் சுற்றி எல்இடி விளக்குகளும் வைத்த எண்டோஸ்கோப் கேமரா ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. இன்ஸ்பெக்‌ஷன் கேமரா, போரோஸ்கோப், பைப் கேமரா என எந்தப் பெயரில் விற்றாலும் பொருள் ஒன்றுதான். பெட்டிக்குள் வரும் தாளில் போனில் இணைப்பது பற்றி மட்டுமே இருக்கும். லேப்டாப்புக்கு ஒரு வரி இருந்தால் அதிகம். அதனால்தான் இந்தப் பதிவு.

போனிலேயே பார்க்கலாமே என்றால், பார்க்கலாம். ஆனால் ஒரு கையில் ஒயரைத் தள்ளிக்கொண்டு இன்னொரு கையில் போனைப் பிடித்தால் ஒயரைத் திருப்பக் கை மிச்சமிருக்காது. போனுக்கு ஓடிஜி வசதி (யூஎஸ்பி பொருள்களைப் போனில் சொருகிப் பயன்படுத்தும் வசதி) வேண்டும், லேப்டாப்புக்கு அந்தக் கவலை இல்லை. சாதாரண யூஎஸ்பி எண்டோஸ்கோப்பை ஐபோன் கேமராவாக ஏற்பதும் இல்லை.

முதலில்: ஒயர் கேமராவா, வைஃபை கேமராவா?

கேமரா ஒயரின் மறுமுனையில் தீப்பெட்டி அளவில் பேட்டரி வைத்த ஒரு டப்பா இருந்தால் அது வைஃபை வகை. அந்த டப்பாவில் உள்ள யூஎஸ்பி துளை பெரும்பாலும் சார்ஜ் செய்ய மட்டுமே. அதை லேப்டாப்பில் சொருகிவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தாலும் பேட்டரிதான் நிறையும், படம் வராது. இந்த வகைக்கு அதன் சொந்த ஆப் வேண்டும், அது பெரும்பாலும் போனுக்குத்தான் இருக்கும். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒயர் வகையையே வாங்குங்கள். விலையும் குறைவு, படம் தாமதமாகவும் வராது. கீழே சொல்வது எல்லாம் ஒயர் வகைக்கு.

டிரைவர் எதையும் டவுன்லோடு செய்யாதீர்கள். பெட்டியில் உள்ள க்யூஆர் கோடையும் தொட வேண்டாம். இந்தக் கேமராக்கள் பெரும்பாலும் யுவிசி என்ற பொதுவான யூஎஸ்பி வீடியோ முறையில் இயங்குபவை. அதற்கான டிரைவர் விண்டோஸில் எக்ஸ்பி காலத்திலிருந்தே உள்ளுக்குள் இருக்கிறது, லினக்ஸ் கெர்னலில் 2008 முதல் இருக்கிறது. லேப்டாப்பின் கண்ணுக்கு இது ஒரு சாதாரண வெப்கேம், அவ்வளவுதான்.

படி 1: பின்னை முழுதாகச் சொருகுங்கள்

என்னை அதிகம் சுற்றவிட்டது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

ஒயர் நுனியில் பெரும்பாலும் மூன்று பின்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். உள்ளே மைக்ரோ யூஎஸ்பி. அதன் மேல் டைப்-சி, அல்லது லேப்டாப்பில் பென் டிரைவ் சொருகுகிற அகலமான பழைய வகையான டைப்-ஏ. லேப்டாப்பில் டைப்-ஏ துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். டைப்-சி வேலை செய்யாது என்றில்லை. இந்த விலைக் கேமராக்களோடு வரும் டைப்-சி பின் கொஞ்சம் ஆடும், ஒயரைத் திருப்பும்போது இணைப்பு விட்டுப்போகும்.

இனி முக்கியமானது. டைப்-ஏ பின்னுக்குள் எட்டிப் பாருங்கள், நான்கு செப்புப் பட்டைகள் தெரியும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் கரண்டுக்கு, நடுவில் இருக்கும் இரண்டும் தகவலுக்கு. ஓரப் பட்டைகள் நடுப்பட்டைகளைவிடச் சற்று நீளம். சொருகும்போது கரண்ட் முதலில் சேர வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். இதன் விளைவு என்ன? பின் அரைகுறையாகச் சொருகியிருந்தாலும் கேமரா நுனியில் லைட் பளிச்சென்று எரியும், ஆனால் லேப்டாப்புக்கு அப்படி ஒரு கேமரா வந்ததே தெரியாது. லைட் எரிகிறதே, கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு லேப்டாப்பில்தான் என்று செட்டிங்ஸை எல்லாம் நோண்ட ஆரம்பிப்போம்.

ஆகவே லைட்டை நம்பாதீர்கள், சத்தத்தை நம்புங்கள். பென் டிரைவ் சொருகும்போது வரும் அதே 'டிடுங்' சத்தம் வர வேண்டும். சத்தம் வராவிட்டால் மைக்ரோ பின்னும் அதன் மேல் உள்ள டைப்-ஏ தலையும் இடைவெளி இல்லாமல் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, அழுத்திச் சொருகுங்கள். யூஎஸ்பி ஹப் இருந்தால் கழற்றிவிட்டு நேராக லேப்டாப்பில் கொடுங்கள்.

இன்னும் உறுதி வேண்டுமா? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'கேமராஸ்' என்ற தலைப்பை விரியுங்கள். லேப்டாப்பின் சொந்தக் கேமராவோடு கூட இன்னொரு பெயர் வந்திருக்கும். 'யூஎஸ்பி கேமரா', 'பிசி கேமரா' என்று ஏதாவது பொதுப்பெயராக இருக்கும், நீங்கள் வாங்கிய பிராண்டின் பெயரைத் தேடாதீர்கள். சில லேப்டாப்களில் அது 'இமேஜிங் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழ் ஒளிந்திருக்கும். ஒயரைப் பிடுங்கினால் எந்தப் பெயர் மறைகிறதோ அதுதான் உங்கள் கேமரா.

படி 2: உங்கள் முகம் தெரிந்தால் பயப்படாதீர்கள்

ஸ்டார்ட்டில் 'கேமரா' என்று தேடித் திறந்தால், பைப்புக்குப் பதில் உங்கள் முகமே தெரியும். லேப்டாப் தன் சொந்தக் கேமராவைத் திறந்திருக்கிறது. அதே திரையில் கேமராவை மாற்றும் பட்டன் இருக்கும், சுழலும் அம்புக்குறியோடு ஒரு கேமரா படம். அதை அழுத்துங்கள். இரண்டு கேமராக்கள் இருந்தால்தான் அந்தப் பட்டனே தெரியும். அது இல்லை என்றால் படி 1 முடியவில்லை என்று அர்த்தம், திரும்பிப் போங்கள்.

ஒவ்வொரு முறையும் மாற்றுவது எரிச்சலாக இருந்தால், டிவைஸ் மேனேஜரில் லேப்டாப்பின் சொந்தக் கேமராவின் மேல் ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுங்கள். பைப் வேலை முடிந்ததும் மறக்காமல் 'எனேபிள்' செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த நாள் ஆபீஸ் மீட்டிங்கில் கருப்புத் திரையோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

கேமராவை வேறு ஆப் பிடித்து வைத்திருக்கிறது என்று பிழைச்செய்தி வந்தால், ஜூம், டீம்ஸ், மீட் திறந்திருக்கும் பிரவுசர் எல்லாவற்றையும் மூடுங்கள். பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு ஆப்புக்குத்தான் கேமரா கிடைக்கும்.

படி 3: அனுமதி

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, கேமரா என்று போங்கள். 10-ல் பிரைவசி, கேமரா. மேலே இருக்கும் பெரிய சுவிட்சை ஆன் செய்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுகிறார்கள். கீழே இறங்கிப் பாருங்கள், டெஸ்க்டாப் ஆப்களுக்குத் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும். விஎல்சி (வீடியோ பிளேயர்), ஓபிஎஸ் (வீடியோ ரெக்கார்டு செய்யும் சாஃப்ட்வேர்) போன்றவை அந்தக் கணக்கில் வருபவை. விண்டோஸின் கேமரா ஆப்பில் படம் வருகிறது, விஎல்சியில் மட்டும் வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தச் சுவிட்சைத்தான்.

எந்த சாஃப்ட்வேர்?

சும்மா எட்டிப் பார்க்க விண்டோஸ் கேமரா ஆப் போதும். எடுத்த படங்கள் பிக்சர்ஸ் போல்டருக்குள் கேமரா ரோல் என்பதில் இருக்கும். ஒயரில் உள்ள போட்டோ பட்டன் லேப்டாப்பில் வேலை செய்யாவிட்டால் கவலை வேண்டாம், அது போன் ஆப்புக்காக வைத்தது.

விஎல்சியிலும் வரும். மீடியா மெனுவில் 'ஓப்பன் கேப்சர் டிவைஸ்' கொடுத்து வீடியோ டிவைஸ் இடத்தில் கேமராவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல தளங்களில் இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. விஎல்சி படத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டும், இயல்பாகவே 300 மில்லிசெகண்ட் பின்தங்கும். உட்கார்ந்து படம் பார்க்கும்போது அது தெரியாது. பைப்புக்குள் ஒயரைத் தள்ளும்போது நன்றாகத் தெரியும். கை நின்ற பிறகும் திரையில் கேமரா போய்க்கொண்டே இருக்கும், நீங்கள் தேடிய இடத்தைத் தாண்டிவிடுவீர்கள்.

என் தேர்வு ஓபிஎஸ் ஸ்டூடியோ, இலவசம்தான். சோர்சஸ் பெட்டியில் பிளஸ் குறியை அழுத்தி 'வீடியோ கேப்சர் டிவைஸ்' சேர்த்து, கேமராவைத் தேர்ந்தெடுங்கள். படம் ஒரு மூலையில் சின்னதாகத் தெரிந்தால் கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்துங்கள், திரை முழுக்க விரியும். தலைகீழாக இருந்தால் ரைட் கிளிக், டிரான்ஸ்ஃபார்ம், ரொட்டேட். ரெக்கார்டிங்கை எம்கேவி ஃபார்மேட்டில் வையுங்கள். நடுவில் லேப்டாப் அணைந்துபோனாலும் அதுவரை எடுத்தது மிஞ்சும்.

ஓபிஎஸ்ஸில் இன்னொரு நன்மை, பெட்டியில் போட்டிருக்கும் '1080பி' நிஜமா என்று தெரிந்துவிடும். ரெசல்யூஷன் பட்டியலில் 640க்கு 480 மட்டுமே இருந்தால் விற்றவர் கதை விட்டிருக்கிறார்.

படம் விட்டு விட்டு ஓடினால்

ஓபிஎஸ்ஸில் கேமராவைத் தேர்ந்தெடுத்த அதே ப்ராபர்டீஸ் பெட்டியில் ரெசல்யூஷன் வகையை 'கஸ்டம்' ஆக்கிவிட்டு, வீடியோ ஃபார்மேட்டை எம்ஜேபெக் என்று மாற்றுங்கள். ஒய்யுஒய்2 என்று இருந்தால் அது சுருக்கப்படாத படம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1280க்கு 720 படம், புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 30 படங்கள். நொடிக்குச் சுமார் 55 எம்பி வருகிறது. யூஎஸ்பி 2.0 காகிதத்தில் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. நடைமுறையில் 40 எம்பி தாண்டுவதே கஷ்டம். அதனால்தான் ஒய்யுஒய்2-வில் பெரிய படம் கேட்டால் கேமரா நொடிக்குப் பத்துப் படத்துக்கு இறங்கிவிடும். எம்ஜேபெக் ஒவ்வொரு படத்தையும் சுருக்கி அனுப்பும். நீலத் துளையான யூஎஸ்பி 3-ல் சொருகினால் வேகம் கூடுமா என்றால் கூடாது, கேமரா 2.0 தான்.

பைப்புக்குள் விடும் முன்

வாஷ்பேசினுக்குக் கீழே தொங்கும் பாட்டில் ட்ராப்பைக் கழற்றிவிட்டு, சுவருக்குள் போகும் பைப்பில் நேராக விடுங்கள். மேலே இருந்து விட்டால் கேமரா அந்த ட்ராப்பைத் தாண்டாது. பாதி நேரம் அடைப்பே ட்ராப்பில்தான் இருக்கும், கேமராவுக்கு வேலையே இருக்காது. ஒயரில் அடிக்கு ஒரு முறை இன்சுலேஷன் டேப் சுற்றி வையுங்கள். அடைப்பு தெரியும்போது எத்தனை டேப் உள்ளே போயிருக்கிறது என்று எண்ணினால் எந்த இடம் என்று பிளம்பருக்குச் சொல்லலாம், சுவரை உடைப்பதும் குறையும்.

ஃபோகஸ் மாற்ற முடியாது. பெரும்பாலான மாடல்களில் நாலைந்து சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் பொருள்தான் தெளிவாகத் தெரியும், முட்டிக்கொண்டு நின்றால் மங்கல்தான். வெள்ளை பிவிசி பைப்பில் லைட்டை முழுதாக வைத்தால் எல்லாம் வெளுத்துப்போகும், ஒயரில் உள்ள சக்கரத்தைத் திருப்பிக் குறையுங்கள். எது மேல், எது கீழ் என்று குழம்பினால் தேங்கிய தண்ணீரைப் பாருங்கள், அது இருக்கும் பக்கம் கீழ்.

சூடான இன்ஜினிலும், கரண்ட் ஓடும் ஸ்விட்ச் பாக்ஸிலும் விடாதீர்கள், கேமரா தலை உலோகம். காதிலும் வேண்டவே வேண்டாம்.

மேக், லினக்ஸ்

மேக்கில் குவிக்டைம் பிளேயரைத் திறந்து ஃபைல் மெனுவில் 'நியூ மூவி ரெக்கார்டிங்'. சிவப்புப் பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள சிறு அம்பை அழுத்தினால் கேமரா பட்டியல் வரும். உபுண்டுவில் சீஸ் என்ற ஆப் போதும், அதன் ப்ரெஃபரன்சஸில் கேமராவை மாற்றலாம். ஓபிஎஸ் இரண்டிலுமே உண்டு.

பின்னர் சேர்த்தவை

வீட்டில் கிடந்த பழைய விண்டோஸ் 7 லேப்டாப்பில் கேமரா ஆப்பே இல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான், 7-ல் அது கிடையாது. புதிய ஓபிஎஸ்ஸும் அதில் ஓடாது. அங்கே மட்டும் விஎல்சியே கதி. 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்தி கேச்சிங் எண்ணை 300-லிருந்து 50-க்குக் குறைத்தால் தாமதம் கொஞ்சம் குறையும்.

ஒயர் எட்டவில்லை என்று 5 மீட்டர் கேமராவோடு 3 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டவருக்குப் படம் அடிக்கடி துண்டித்துப்போனது. யூஎஸ்பி 2.0-க்கு மொத்தம் 5 மீட்டர்தான் கணக்கு. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் லேப்டாப்பைப் பைப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள்.

போர் போட்ட குழிக்குள் மோட்டார் எங்கே சிக்கியிருக்கிறது என்று இதை வைத்துப் பார்க்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். முடியாது. தண்ணீர் தாங்கும் அளவாகப் போட்டிருக்கும் ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம், அவ்வளவுதான் உத்தரவாதம். நூற்றுக்கணக்கான அடிக்கு இந்த ஒயரும் இல்லை, இந்தக் கேமராவும் தாங்காது. அதற்கென்று தனிக் கேமராவும் கேபிள் உருளையும் வைத்திருப்பவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.