"ஏழாம் பெட்" என்று கூப்பிடாமல் நர்ஸிங் செய்வது எப்படி?

நபர்மையப் பராமரிப்பு, அதாவது நோயை மட்டும் பார்க்காமல் அந்த ஆளையே மையமாக வைத்துக் கவனிப்பது பற்றிப் பாடத்தில் படித்துவிட்டு வார்டுக்கு வந்தால், மருந்து, டிரெஸ்ஸிங், சார்ட் என்று ஓடுவதற்கே ஷிஃப்ட் போதாது, இதில் எங்கே உட்கார்ந்து பேசுவது என்று தோன்றும். தனியாக நேரம் தேட வேண்டாம், செய்கிற வேலைக்குள்ளேயே செய்யலாம்.

முதல் நாளே, பி.பி. பார்க்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: உங்களை எப்படிக் கூப்பிடட்டும்? இங்கே இருக்கும்வரை நாங்கள் மறக்கக் கூடாத விஷயம் என்ன? பதில் வரும்வரை கேஸ் ஷீட்டைப் பார்க்காதீர்கள்.

அப்புறம் குளிப்பாட்டுவது. மறதி நோய் உள்ள ஒரு பாட்டி உடம்பு துடைக்கப் போனாலே கத்துகிறார், "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிடுகிறோம். அவர் பக்கத்திலிருந்து பாருங்கள், யாரோ வந்து, ஒன்றும் சொல்லாமல், போர்வையை இழுக்கிறார்கள். எதிரே வந்து, அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து, செய்யப்போவதைச் சொல்லுங்கள், நனைத்த துணியை அவர் கையிலேயே கொடுங்கள், முகத்தை அவரே துடைக்கட்டும், துடைக்கிற பகுதியைத் தவிர மற்றதை மூடியே வையுங்கள். மறதி நோய்ப் பராமரிப்பை ஆராய்ந்த பிரிட்டிஷ் உளவியலாளர் டாம் கிட்வுட் 1997-இல் எழுதியது இதைத்தான்: அவசரப்படுத்துவது, குழந்தைபோல் நடத்துவது, ஆள் இல்லாததுபோல் தலைக்கு மேலே பேசிக்கொள்வது, இவையெல்லாம் நல்ல மனம் உள்ளவர்களே செய்வதுதான், ஆனால் நோயோடு சேர்ந்து அவையும் அந்த ஆளைக் கரைக்கின்றன.

மாத்திரை வேண்டாம் என்கிறாரா? வற்புறுத்தாமல் காரணம் கேளுங்கள். நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்தால் ராத்திரி பலமுறை எழ வேண்டியிருக்கும், இருட்டில் விழுந்துவிடுவோமோ என்ற பயமாக இருக்கலாம். டாக்டரிடம் சொல்லி, முடிந்தால் காலை வேளைக்கு மாற்றச் சொல்லுங்கள். எல்லாம் விளக்கிய பிறகும் மறுத்தால் அது அவர் முடிவு, அதை மதித்து, பதிவு செய்து, டாக்டருக்குத் தெரிவியுங்கள்.

ஒரு நர்ஸ் தனியாக இதை இழுத்துக்கொண்டு போக முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நர்ஸிங் ஆய்வாளர்கள் மெக்கார்மாக்கும் மெக்கான்ஸும் நபர்மைய நர்ஸிங்குக்காக 2006-இல் வெளியிட்ட கட்டமைப்பில் நர்ஸின் திறமையோடு பணிச்சூழலையும் சேர்த்தே வைத்தார்கள். ஆள் பற்றாக்குறையான வார்டில் எல்லாப் பழியையும் நர்ஸ் தலையில் போடுவது நியாயமே இல்லை.

ஆனால் ஹேண்ட்ஓவர், அதாவது அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் நோயாளியைப் பற்றிச் சொல்லி ஒப்படைப்பது, உங்கள் கையில் இருக்கிறது. நாள் முழுக்கப் பேசித் தெரிந்துகொண்டதை அங்கே சொல்லாவிட்டால், உங்கள் டியூட்டி முடிந்ததும் அவர் மறுபடியும் ஏழாம் பெட்தான். "பெரியவர் பொறுமையானவர்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், அடுத்தவர் உடனே செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்: "வலது காது கேட்காது, இடது பக்கம் நின்று பேசவும். ராத்திரி லைட்டை முழுசாக அணைக்க வேண்டாம்."