24-க்கு 24 பாசிட்டிவா? முதலில் சந்தேகப்படுங்கள்

மலேசியாவின் பகாவ் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் லேப். செம்பனையின் அடித்தண்டை அழுகவைக்கும் கனோடெர்மா பூஞ்சையின் ஜீன் துண்டுகளைக் குளோன் செய்வதுதான் பாதி வேலை: துண்டை (இன்சர்ட்) பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏவில் (அதுதான் வெக்டர்) ஒட்டி, பாக்டீரியாவுக்குள் ஏற்றி, பிளேட்டில் காலனிகளாக வளர்ப்போம். எந்தக் காலனியில் துண்டு ஏறியிருக்கிறது என்று காலனி பிசிஆரில் பார்ப்போம்: காலனியைக் குச்சியால் தொட்டு டியூபில் போட்டு, துண்டை நகலெடுத்துப் பெருக்கி, ஜெல்லில் ஓட்டுவது. போன வாரம் பயிற்சிக்கு வந்த தம்பி ஜெல் படத்தோடு ஓடி வந்தான்: "அக்கா, 24 காலனியும் பாசிட்டிவ்!" எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆண்டிபயாடிக் ஊற்ற மறப்பது, பிளேட்டில் பெயர் எழுதாதது எல்லாம் ஒரு தடவை பட்டால் சரியாகிவிடும். அதை விடுங்கள்; காலனியைத் தேர்ந்தெடுக்கும்போது நம்மை ஏமாற்றும் தவறுகளைச் சொல்கிறேன்.

இரண்டு பிரைமரும் இன்சர்ட்டுக்குள்

காலனி பிசிஆரில் நானும் இதே குழியில் விழுந்தவள்தான். லைகேஷனில், அதாவது துண்டை வெக்டரோடு ஒட்டும்போது, ஒட்டாமல் மிஞ்சிய துண்டுகள் செல்லோடு சேர்ந்து பிளேட்டில் பரவிக் கிடக்கும். குச்சியால் காலனியைத் தொட்டால் அதுவும் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு பிரைமரும் (நகலெடுப்பின் இரு எல்லையைக் குறிக்கும் குட்டி டிஎன்ஏக்கள்) இன்சர்ட்டுக்குள்ளேயே இருந்தால், பிளாஸ்மிட் காலியாக இருந்தாலும் ஜெல்லில் பேண்ட், அதாவது கோடு, பளிச்சென்று விழும். தோட்டத்துப் பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பு) மண்டோர் (மேற்பார்வையாளர்) பெயர் கூப்பிட, வராதவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் குரல் கொடுப்பதில்லையா, அப்படித்தான்.

அந்த பேண்டை நம்பி 8 காலனியை வளர்த்து, மினிபிரெப் போட்டு பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுத்து, காசு கட்டி, டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் சீக்குவென்சிங்குக்கு அனுப்பினேன். எட்டும் வெறும் வெக்டர். மூன்று வாரம் போச்சு, தீபாவளி லீவும் போச்சு. அப்புறம் காலனியே இல்லாத இடத்தில் அகாரைக் குச்சியால் தொட்டு ஒரு டியூப் போட்டுப் பார்த்தேன். அதிலும் பேண்ட்! முதல் நாளே இதைச் செய்திருக்கலாமே என்று இன்றும் எரிகிறது.

ஒரு பிரைமரை வெக்டரில் வையுங்கள், மற்றதை இன்சர்ட்டில். துண்டு தலைகீழாக ஒட்டியிருந்தால் பேண்ட் வராது, திசையும் தெரிந்துவிடும். இரண்டையும் வெக்டரில் வைத்தாலும் சரி: காலி வெக்டருக்குச் சின்ன பேண்ட், இன்சர்ட் இருந்தால் பெரியது. சீக்குவென்சிங்குக்கு முன் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைமால் பிளாஸ்மிட்டை ஒரு தடவை வெட்டி, இன்சர்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளுத்ததெல்லாம் பால் இல்லை

வெக்டரில் காலனியை நீலமாக்கும் லாக்-இசட் ஜீனுக்கு நடுவே இன்சர்ட் ஏறினால் காலனி வெள்ளையாகும் என்பதுதான் நீல-வெள்ளைத் தேர்வு. ஆனால் வெள்ளை என்றால் அந்த ஜீன் கெட்டிருக்கிறது, அவ்வளவுதான். வெக்டரின் முனை கொஞ்சம் தேய்ந்து தானாக ஒட்டிக்கொண்டாலும் வெள்ளைதான். மாறாக, சின்ன இன்சர்ட் ரீடிங் ஃபிரேமை (ஜீனை மும்மூன்று எழுத்தாகப் படிக்கும் வரிசையை) குலைக்காமல் உட்கார்ந்தால் வெளிர் நீலம் வரும். நீலம் தெளியவில்லை என்றால் பிளேட்டைச் சில மணி நேரம் 4 டிகிரியில் வையுங்கள்.

சாட்டிலைட் காலனி

ஆம்பிசிலின் என்ற ஆண்டிபயாடிக் கலந்த பிளேட்டில் பெரிய காலனியைச் சுற்றிப் பொடிப்பொடியாக இருப்பதைத் தொடாதீர்கள்; அவை பிளாஸ்மிட் இல்லாமலே முளைத்தவை.

அள்ளிப் போடுவது

காலனியை நிறைய அள்ளி டியூபில் போட்டால் பிசிஆர் படுத்துவிடும். குச்சி நுனியில் பட்டும் படாமலும் போதும்.

குச்சி நேராக டியூபுக்குள்

முதலில் புது பிளேட்டில் எண் போட்டுத் தொடுங்கள், அப்புறம் டியூப். இல்லையென்றால் பாசிட்டிவ் வந்த காலனியைத் தேடிக் குப்பைக் கூடையைத்தான் கிளற வேண்டும்.