"தமிழ்"னு அடிச்சா 5னு காட்டுது: எழுத்து எண்ணுற டூல், முதல்ல சும்மா ஜாவாஸ்கிரிப்ட்ல, அப்புறம் வ்யூல

வெப் டெவலப்மென்ட் புதுசா கத்துக்குறவங்க நிறைய பேர் கேக்குற முதல் கேள்வியே ரியாக்ட் படிக்கவா வ்யூ படிக்கவான்னுதான் (ரெண்டும் ஜாவாஸ்கிரிப்ட்ல வெப் பேஜ் கட்ட உதவுற ரெடிமேட் கட்டமைப்பு, அதாவது ஃப்ரேம்வொர்க்). என்னைக் கேட்டா ஒரு சின்ன வேலைய எந்த ஃப்ரேம்வொர்க்கும் இல்லாம ஒரு தடவை செஞ்சுடுங்க, எங்க கை வலிக்குதுன்னு தெரிஞ்சப்புறம் ஃப்ரேம்வொர்க்குக்கு வாங்க. அதுக்கு நான் எடுத்துக்கிட்டது தமிழ் எழுத்து எண்ணுற டூல். கோடுல வர்ற பேரையெல்லாம் இங்க தமிழ்ல எழுதுறேன், எடிட்டர்ல இங்கிலீஷ்ல அடிங்க.

படி 1: ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைல்

ஒரு டெக்ஸ்ட்ஏரியா, கீழ எண்ணிக்கை காட்ட ஒரு பி டேக், பாடி முடியுற இடத்துல ஸ்கிரிப்ட் டேக். ஸ்கிரிப்ட்ல டாக்குமென்ட்.க்வெரிசெலக்டர் வச்சு ரெண்டையும் பிடிச்சு, டெக்ஸ்ட்ஏரியாவுக்கு ஆட்இவென்ட்லிசனர்ல "இன்புட்" குடுத்து, உள்ள பி-யோட டெக்ஸ்ட்கன்டென்ட்டுக்கு பெட்டியோட வேல்யூ.லெங்த்த போடுங்க. ஃபைல டபுள் கிளிக் பண்ணி ப்ரவுசர்ல திறந்து "தமிழ்"னு அடிங்க.

5னு வரும்! நம்ம கண்ணுக்கு த, மி, ழ் மூணுதான். ஆனா கம்ப்யூட்டர் எழுத்துகளை சேமிக்கற முறையான யூனிகோட்ல மி-க்கும் ழ்-க்கும் தனி இடம் கிடையாது. மி-ங்கறது ம பக்கத்துல இகரக் குறி, ழ்-ங்கறது ழ மேல புள்ளி, ஆக த, ம, குறி, ழ, புள்ளின்னு அஞ்சு. லெங்த் இந்த துண்டுகளைத்தான் எண்ணுது. 247 எழுத்துல பெரும்பாலானது இப்படி ஒட்டுப் போட்டதுதான், அதனால தமிழ் வாங்குற எந்த ஃபார்ம்லயும் 100 எழுத்துன்னு லிமிட் வச்சு லெங்த்தால சரிபார்த்தா எழுதுறவங்களுக்கு பாதி வழியிலேயே இடம் தீர்ந்துடும். இது எனக்கு உண்மையிலேயே மனசு கேக்காத விஷயம், நம்ம ஆளுங்க எழுதுற கோடாவது தமிழ சரியா எண்ணணும்.

படி 2: செக்மென்டர்

இதுக்கு லைப்ரரியே வேண்டாம், டெக்ஸ்ட்ட துண்டு துண்டா பிரிச்சுக் குடுக்கற இன்ட்ல்.செக்மென்டர் ப்ரவுசர்லயே இருக்கு. குரோம்ல 2020லயே வந்துடுச்சு, ஃபயர்ஃபாக்ஸ்லதான் 2024 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. நியூ போட்டு, மொழிக்கு "டிஏ", கிரானுலாரிட்டிக்கு (எந்த அளவுல பிரிக்கணும்ங்கறது) "கிராஃபீம்"னு (கண்ணுக்கு ஒண்ணா தெரியுற எழுத்து) குடுத்து ஒண்ணு உருவாக்குங்க. இத ஃபங்ஷனுக்கு வெளிய ஒரே தடவை செய்யுங்க, ஒவ்வொரு கீ தட்டுறப்பவும் புதுசா உருவாக்க வேண்டாம். அப்புறம் அதோட செக்மென்ட் மெத்தட்ல டெக்ஸ்ட்ட குடுங்க. திரும்பி வர்றது அரே இல்ல, அதனால சதுர அடைப்புக்குள்ள மூணு புள்ளி போட்டு விரிச்சு, அதுக்கு லெங்த் பாருங்க. இப்போ 3.

ஸ்பேஸும் எண்ணிக்கையில சேரும், வேண்டாம்னா ட்ரிம் பண்ணா காலியாகுற துண்டுகளை ஃபில்டர்ல தள்ளிடுங்க. க்ஷ மட்டும் க், ஷ-ன்னு ரெண்டா வரும், ஒண்ணா வேணும்னா நீங்களே தனியா சேத்துக்கணும்.

படி 3: வலி எங்க

"அழி"னு ஒரு பட்டன் போட்டு, கிளிக் பண்ணா வேல்யூவ காலி பண்ணுங்க. பெட்டி காலியாகும், ஆனா கீழ எண்ணிக்கை பழைய 3லயே நிக்கும். கோடுல இருந்து வேல்யூவ மாத்துனா "இன்புட்" இவென்ட் வராது, அதான் காரணம். அந்த பட்டன்லயும் எண்ணுற ஃபங்ஷன கூப்பிடணும், நாளைக்கு "மாதிரி வரி போடு"னு இன்னொரு பட்டன் வந்தா அங்கயும் கூப்பிடணும், ஒரு இடம் மறந்தா ஸ்கிரீன் தப்பு காட்டும். டேட்டா ஒண்ணு சொல்ல ஸ்கிரீன் வேறொண்ணு சொல்ற இந்த சிக்கல தீர்க்கத்தான் ரியாக்ட், வ்யூ எல்லாமே.

படி 4: வீட் (vite), வ்யூ

வீட்-ங்கறது ப்ராஜெக்ட்ட உருவாக்கி ஓட்டிக் காட்டுற டூல். ப்ரவுசருக்கு வெளிய ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற நோட் ஜேஎஸ்ஸோட எல்டிஎஸ் வெர்ஷன இன்ஸ்டால் பண்ணிட்டு டெர்மினல்ல "என்பிஎம் கிரியேட் வீட்@லேட்டஸ்ட்" அடிங்க. வ்யூ, ஜாவாஸ்கிரிப்ட் தேர்ந்தெடுங்க, ஃபோல்டருக்குள்ள போய் "என்பிஎம் இன்ஸ்டால்", "என்பிஎம் ரன் டெவ்". 5173 போர்ட்ல பேஜ் வரும்.

ஆப்.வ்யூ ஃபைல்ல இருக்கறத அழிச்சுட்டு ஸ்கிரிப்ட் செட்டப்ல ரெஃப், கம்ப்யூட்டட் ரெண்டையும் இம்போர்ட் பண்ணுங்க. டெக்ஸ்ட்-ங்கறது காலி ஸ்ட்ரிங்கோட ஒரு ரெஃப், அதாவது மாறுனா ஸ்கிரீனும் கூடவே மாறுற வேல்யூ. கவுன்ட்-ங்கறது கம்ப்யூட்டட், அதாவது டெக்ஸ்ட் மாறுறப்போ தானா மறுபடி கணக்கு போடுறது, உள்ள படி 2ல எழுதுன அதே செக்மென்டர் கணக்கு. ஸ்கிரிப்ட்ல டெக்ஸ்ட்.வேல்யூன்னு எழுதணும், டெம்ப்ளேட்ல வெறும் டெக்ஸ்ட் போதும், இந்த இடத்துல எல்லாருமே ஒரு தடவை தடுக்கி விழுவாங்க. டெம்ப்ளேட்ல டெக்ஸ்ட்ஏரியாவுக்கு வி-மாடல் (பெட்டியையும் டெக்ஸ்ட்டையும் இணைக்கறது), ரெட்டை வளைவு அடைப்புக்குள்ள கவுன்ட், அழி பட்டன்ல டெக்ஸ்ட்ட காலியாக்குற ஒரு வரி. அழி தட்டுங்க, எண்ணிக்கை தானா 0 ஆகும், யாரும் எதையும் கூப்பிடல.

படி 5: ஃபோன்ல கண்டிப்பா பாருங்க

"என்பிஎம் ரன் டெவ் -- --ஹோஸ்ட்"னு ஓட்டுனா நெட்வொர்க் அட்ரஸ் ஒண்ணு காட்டும், அதே வைஃபைல இருக்கற ஃபோன்ல திறங்க. நான் ஆண்ட்ராய்டுல தமிழ் கீபோர்டுல அடிச்சப்போ "வணக்கம்" முழுசா அடிச்சும் எண்ணிக்கை 0லயே இருந்துச்சு, ஸ்பேஸ் தட்டினதும்தான் சட்டுனு ஏறுச்சு. ரொம்ப நேரம் செக்மென்டர் மேல சந்தேகப்பட்டு அதையே நோண்டிக்கிட்டு இருந்தேன். கடைசியில பார்த்தா வி-மாடல். கீபோர்டு ஒரு வார்த்தைய அடிக்கோடு போட்டு சேத்துக்கிட்டு இருக்கற வரைக்கும் வி-மாடல் வேணும்னேதான் காத்திருக்கும், சீன, ஜப்பானிய, கொரிய டைப்பிங்க மனசுல வச்சு செஞ்சது, வ்யூ டாக்குமென்டேஷன்லயே இருக்கு. நமக்கு உடனுக்குடன் வேணும், அதனால வி-மாடல எடுத்துட்டு :வேல்யூவுக்கு டெக்ஸ்ட்டும், @இன்புட்ல டெக்ஸ்ட்டுக்கு டாலர்இவென்ட்.டார்கெட்.வேல்யூவும் குடுங்க. இதே டூல ஸ்வெல்ட்ங்கற இன்னொரு ஃப்ரேம்வொர்க்ல செஞ்சு பார்த்தேன், அங்க வி-மாடல் வேலைய செய்யுற பைண்ட்:வேல்யூ காத்திருக்காம ஒவ்வொரு எழுத்துக்கும் மாறுது.

படி 6: பில்ட்

"என்பிஎம் ரன் பில்ட்" ஓட்டுனா ஹோஸ்டிங்குக்கு ரெடியான ஃபைல்களோட டிஸ்ட் ஃபோல்டர் வரும். அதுக்குள்ள இருக்கற இன்டெக்ஸ் ஃபைல படி 1 மாதிரி டபுள் கிளிக் பண்ணி திறந்தா வெள்ளை பேஜ்தான் தெரியும், பயப்படாதீங்க, அதுக்கு ஒரு சர்வர் வேணும். "என்பிஎம் ரன் ப்ரிவ்யூ" ஓட்டி 4173 போர்ட்ல பாருங்க. சரியா இருந்தா டிஸ்ட்ட அப்படியே ஹோஸ்டிங்ல ஏத்திடலாம்.