பெயிண்ட், கயிறு, தார்ப்பாய் எத்தனை நாள் தாங்கும்? கடலோரத்தில் நாமே சோதிக்கும் முறை

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலும் பாம்பனிலும் கருவாட்டு வாசத்தை மீறித் தின்னர் நெடி அடிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. வருடம் முழுக்கத் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் அந்த 61 நாளில் வந்து குவியும். பட்டறைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "தம்பி, எந்தப் பெயிண்ட் நிக்கும்?" டப்பாவில் அஞ்சு வருசம் என்று போட்டிருப்பார்கள். எந்த ஊரில் அஞ்சு வருசம் என்று மட்டும் போட்டிருக்க மாட்டார்கள்.

நம் கரை லேசுப்பட்டதில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்போடு உப்புக்காற்று நூறு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி என்று யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) அரிமானச் சோதனைக்கென்றே, அதாவது உலோகம் துருவேறி அரிபடுவதைப் பார்ப்பதற்கென்றே, மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அங்கே செய்வதன் எளிய வடிவத்தை நம் மொட்டைமாடியில் நாமே செய்து பார்க்கலாம். ஆயிரம் ரூபாய்ச் செலவை விட ஒரு வருடப் பொறுமைதான் அதிகம் தேவைப்படும்.

எது கெடுக்கிறது?

பிளாஸ்டிக்குக்கு எமன் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர். பாலிமர் என்பது நீளச் சங்கிலி. கதிர் அதை அங்கங்கே அறுக்க, அறுந்த இடத்தில் ஆக்சிஜன் போய் ஒட்டிக்கொண்டு மேலும் அறுக்கும். ஒருநாள் தார்ப்பாயை மடித்தால் பொடிப்பொடியாக உதிரும். கறுப்புத் தண்ணீர்க் குழாயில் 2 சதவீதத்துக்குச் சற்று மேலே கரித்தூள் கலப்பது இந்தக் கதிரை விழுங்கத்தான். எப்பாக்சி பெயிண்டுக்கும் இந்தக் கதிர்தான் எமன்: இரும்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், வெயில் பட்டால் சுண்ணாம்பு போலப் பூத்துவிடும். அதனால்தான் அதன் மேல் வெயில் தாங்கும் பாலியூரித்தேன் பெயிண்டை அடிக்கச் சொல்வது.

இரும்புக்கு எமன் உப்பு. சாதா உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் ஆனதும் கசிய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் அதைவிட ஈரம் எப்போதும் உண்டு. ஆக, உப்புப் படிந்த கேட்டுக் கம்பி நம் கண்ணுக்குக் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உண்மையில் காய்வதே இல்லை.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"எது நல்ல பெயிண்ட்?" என்று தொடங்கினால் எங்கும் போய்ச் சேர மாட்டீர்கள். "இந்த மூன்றில் என் கேட்டுக்கு எது?" என்று கேளுங்கள். மூன்றில் ஒன்று, நீங்கள் ஏற்கெனவே அடித்துப் பழகிய பெயிண்டாக இருக்கட்டும். அதன் குணம் தெரியும் என்பதால் மற்றதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

2. தட்டு செய்வது

வேலையில் பாதி இதுதான். 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 2 மி.மீ. கனத்தில் இரும்புத் தகடு வெட்டி வாங்குங்கள். ஒரு பெயிண்டுக்கு நான்கு தட்டு. மூன்று வெயிலுக்கு, ஒன்று வீட்டுக்குள் இருட்டில் துணி சுற்றி வைக்க. நாளைக்கு "முதலில் எப்படி இருந்தது?" என்று கேட்டால் பதில் சொல்ல அந்த நாலாவது தட்டுதான் சாட்சி.

உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்ததும் நேராகப் பெயிண்டுக்குப் போகாதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, தின்னரில் ஒரு முறை துடையுங்கள். இரவு வெளியே கிடந்த தகட்டில் காலைக்குள் உப்புப் படிந்திருக்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் உள்ளேயே எதிரியை வைத்துப் பூட்டியது போல. பிறகு அங்கிருந்துதான் கொப்புளம் கிளம்பும்.

ஓரங்களை அரம் போட்டு மழுக்குங்கள். கூரான ஓரத்தில் பெயிண்ட் நிற்காமல் விலகிவிடும். கேட்டானாலும் படகுக் கம்பியானாலும் துரு ஓரத்தில் தொடங்குவது இதனால்தான். முதலில் ஓரங்களுக்கு மட்டும் ஒரு பூச்சு கொடுத்துவிட்டு அப்புறம் முழுத் தட்டுக்கும் அடியுங்கள்.

எவ்வளவு கனம் ஏறியது என்று பார்க்கும் கருவி நம்மிடம் இருக்காது. நகைத் தராசு போதும். தட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து 300 சதுர செ.மீ. அதில் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் என்றால் 1.5 கன செ.மீ. காய்ந்த பெயிண்ட், எடையில் சுமார் 2 கிராம். அடிப்பதற்கு முன்னும் நன்றாகக் காய்ந்த பின்னும் எடை போட்டுக் கழித்தால் தெரிந்துவிடும். மூன்று பெயிண்டும் ஒரே கனத்துக்கு வரவேண்டும். ஒன்று 2 கிராம், இன்னொன்று 4 கிராம் என்றால் அங்கே போட்டி கனத்துக்குத்தான், பெயிண்டுக்கு இல்லை.

இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் என்றால் காற்றோட்டமான இடத்தில், ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த முகக்கவசத்தோடு. அதில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் மூச்சுக்குழாயைப் பிடிக்கும். விளையாட வேண்டாம். அடித்தபின் ஏழு நாள் நிழலில் ஆறவிடுங்கள்.

3. கீறல்

தட்டின் கீழ்ப்பாதியில், ஓரத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி, கத்தியால் 5 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு. இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். காயம் படாத பெயிண்டை மட்டும் சோதித்து என்ன பயன்? நங்கூரம் உரசாத படகு எங்கே இருக்கிறது?

4. எங்கே வைப்பது

நிழல் விழாத, ஆடு ஏறாத இடம். வழக்கமாகச் சோதனை நிலையங்களில் தெற்கு பார்த்து 45 பாகைச் சாய்வில் வைப்பார்கள். நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து 9 பாகைதான் வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமாகத்தான் விழும். அப்போது தெற்கு பார்த்துச் சாய்ந்த தட்டுக்குப் பாதி வெயில் வீண். அதனால் நான் கிட்டத்தட்டப் படுக்கையாக, தண்ணீர் வழிய 5 பாகை மட்டும் சாய்த்து வைக்கிறேன். அதுவும் ஆய்வகங்களில் பழக்கத்தில் உள்ள கோணம்தான்.

சட்டத்தை மரத்தில் செய்யுங்கள். இரும்புச் சட்டம் என்றால் அதன் துரு வழிந்து தட்டில் கறை விழும். என் முதல் சோதனையில் வெள்ளைப் பிளாஸ்டிக் டேக்கால் தட்டுகளைக் கட்டினேன். பெயிண்ட் தோற்பதற்கு முன்னால் டேக் தோற்றுப்போய், ஒரு காற்று நாளில் பாதித் தட்டுகள் மணலில் கிடந்தன. பொறுக்கி எடுத்து மறுபடி வைக்கலாம் என்றால் எது எந்தத் தட்டு என்று தெரியவில்லை. மார்க்கர் பேனாவால் எழுதிய எண்கள் வெயிலில் வெளுத்துக் காணாமல் போயிருந்தன. டேக்கும் மையும் கெடும் வேகத்தை மட்டும் துல்லியமாகக் கண்டுபிடித்தேன்! இப்போது பெயிண்ட் அடிக்கும் முன்பே மூலையில் ஆணியால் புள்ளி அடித்துவிடுகிறேன். ஒரு புள்ளி முதல் பெயிண்ட், இரண்டு புள்ளி இரண்டாவது. கட்டுவதற்குக் கறுப்பு உறை போட்ட செம்புக் கம்பி.

கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பது ரொம்ப முக்கியம். கரையிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே போனாலே உப்புப் படிவது மளமளவென்று குறையும். பாம்பன் தெற்குவாடியில் எடுத்த முடிவு ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வீடு கட்டியவருக்குச் செல்லாது. காலமும் அப்படி. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது தென்கடல் பக்கம் வாங்கிக் கட்டும், வாடை (வடகிழக்குக் காற்று) அடிக்கும்போது வடகடல் பக்கம். இரண்டு காற்றையும் பார்க்க முழுசாகப் பன்னிரண்டு மாதம் வேண்டும். ஆறு மாதத்தில் முடிவு சொல்கிறவரை நம்பாதீர்கள்.

5. மாதாமாதம் பார்ப்பது

ஒரே தேதி, ஒரே நேரம், ஒரே போனில் ஒரு படம். பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள். தட்டைக் கழுவ வேண்டாம், மழை கழுவினால் கழுவட்டும்.

பளபளப்புக்கு: தட்டுக்கு மேல் தினசரித் தாளைப் பிடித்து, தலைப்பு எழுத்து தட்டில் தெரிகிறதா பாருங்கள். மங்கும் மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பூப்பதற்கு: கறுப்புத் துணியை விரலில் சுற்றி ஒரு இழுப்பு. வெள்ளை மாவு ஒட்டினால் பெயிண்டின் பசை வெயிலில் எரிந்து, நிறத்தூள் தனியாகிவிட்டது என்று அர்த்தம். கீறலிலிருந்து துரு பக்கவாட்டில் எத்தனை மி.மீ. ஊர்ந்திருக்கிறது என்று ஸ்கேலில் அளந்து எழுதுங்கள். எனக்கு எல்லாவற்றையும் விட இந்த எண்தான் அதிகம் சொல்லும்.

அப்புறம், தட்டைத் திருப்பிப் பாருங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். மேல்பக்க உப்பை மழை கழுவிவிடும். அடிப்பக்கத்தில் படிந்த உப்பு அப்படியே தங்கும். வெயில் படாததால் பெயிண்ட் புதிது போலப் பளபளக்கும், ஆனால் விரலால் தடவினால் கொப்புளம் நிரடும்.

வருடம் முடிந்ததும் மூன்றில் ஒரு தட்டைப் பலி கொடுக்க வேண்டும். பிளேடால் 6 கோடு நெட்டுக்கு, 6 கோடு குறுக்குக்கு, 25 கட்டம் வரும்படி. பெயிண்டின் கனம் 60 மைக்ரான் வரை என்றால் கோட்டுக்குக் கோடு 1 மி.மீ. இடைவெளி, 120 வரை என்றால் 2 மி.மீ. ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி ஒரே வேகத்தில் உரியுங்கள். ஐஎஸ்ஓ 2409 என்ற தரநிலையில் இதற்கு 0 முதல் 5 வரை மதிப்பெண். எதுவும் பெயராவிட்டால் 0. மூன்றில் இரண்டு பங்கு டேப்போடு வந்துவிட்டால் 5. இருட்டில் வைத்த தட்டிலும் இதையே செய்து பாருங்கள். அதிலும் பெயர்ந்தால் வெயிலைக் குறை சொல்லாதீர்கள், கழுவியதில்தான் கோளாறு.

6. கயிறும் தார்ப்பாயும்

இதற்குக் கண் போதாது, பலம் பார்க்க வேண்டும். தார்ப்பாயிலிருந்து இழை எண்ணி, எட்டு இழை அகலத்தில் நீளத் துண்டுகள் வெட்டுங்கள். செ.மீ. கணக்கில் வெட்டினால் ஒன்றில் ஏழு, ஒன்றில் ஒன்பது என்று வந்து கணக்கு கெடும். மேல்முனையை முடிச்சுப் போடாதீர்கள், முடிச்சே பலத்தைக் குறைத்துவிடும். வழவழப்பான பிவிசி குழாயில் நாலு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். கீழ்முனையையும் அதேபோல ஒரு சின்னக் குழாயில் சுற்றி, அதில் வாளியைத் தொங்கவிடுங்கள். தரைக்கு ஒரு சாண் உயரம் போதும், காலை உள்ளே நீட்ட வேண்டாம்.

இப்போது அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. அறுந்ததும் வாளியின் எடையையும் சேர்த்து எழுதுங்கள். ஐந்து துண்டு செய்து, நடுவில் வரும் எண்ணை எடுங்கள். புதுத் துண்டு 16 கிலோ தாங்கியது, வெயிலில் கிடந்தது 8 கிலோவில் அறுந்தது என்றால் அந்தப் பாயின் ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பாதி பலம் என்பதுதான் பொதுவாக எடுக்கும் எல்லை. நைலான் கயிறு என்றால் ஒரு சங்கதி: ஈரத்தில் நைலான் கொஞ்சம் பலம் இழக்கும். புதியதும் பழையதும் இரண்டுமே நனைந்தோ இரண்டுமே காய்ந்தோ இருக்க வேண்டும்.

7. அவசரக்காரர்களுக்கு

ஆய்வகத்தில் 35 டிகிரி சூட்டில் 5 சதவீத உப்புத் தண்ணீரை மூடுபனி போல இடைவிடாமல் தெளிப்பார்கள். வீட்டில் 950 மி.லி. சுத்தத் தண்ணீரில் 50 கிராம் உப்பு கரைத்து, காலையும் மாலையும் தட்டை முக்கி எடுத்து, நடுவில் காயவிடலாம். நனைவதும் காய்வதும் மாறிமாறி வருவதால் நம் கரைக்கு இது கொஞ்சம் கிட்டே வரும். சில வாரத்தில் எது மட்டம் என்று தெரியும். ஆனால் "இத்தனை நாள் முக்கினால் இத்தனை வருசம்" என்ற கணக்கு மட்டும் போடாதீர்கள். இதில் வெயில் இல்லை. முதல், இரண்டு, மூன்று என்று வரிசை சொல்லும், அவ்வளவுதான்.

போன தடைக்காலத்தில் விலை கூடிய பெயிண்டை இரண்டு பூச்சும், விலை குறைந்ததை மூன்று பூச்சும் அடித்த தட்டுகள் என் மாடியில் இருந்தன. கனம் ஒன்றாக இல்லை, அது நான் தெரிந்தே செய்தது. பூச்சுக்கு ஆகும் காசைப் பார்க்க வேண்டியிருந்தது. இந்த வருடம் வந்த படகுக்காரர் அண்ணன் படத்தையோ நோட்டையோ பார்க்கவில்லை. இரண்டு தட்டையும் திருப்பி, அடிப்பக்கத்தைக் கட்டை விரல் நகத்தால் சுரண்டினார். விலை கூடியதில் ஒரு செதில் பெயர்ந்து வந்தது. "மூணு பூச்சே அடிச்சிரு தம்பி" என்று சொல்லிவிட்டு, செதிலை ஊதித் தள்ளினார்.