பக்கவாதத்துக்குப் பின் மூளை பெட் ஸ்கேன்: ஊட்டி, குன்னூரிலிருந்து கோவைக்கு இறங்குபவர்களுக்கு

பக்கவாதம் தாக்கிய அன்று எடுப்பதல்ல இது. வாய் கோணி, கை துவண்டால் உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. மூளையின் எந்தப் பகுதி குளுக்கோஸை எரிக்கிறது, எது மந்தமாகக் கிடக்கிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேன் பிற்பாடு, டாக்டர் கேட்டால் மட்டும்.

ஸ்கேனுக்காகப் போடும் கதிரியக்கக் குளுக்கோஸ் ஊசி ஏறிய முதல் அரை மணி நேரம் மூளை எப்படி இருந்ததோ, அதுதான் படத்தில் விழும். ஆகவே தயாரிப்பில்தான் முக்கால்வாசி வேலை.

குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் 6 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம், புரையேறாதவர்கள் மட்டும். மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் கஞ்சிக்கும் இதே கணக்குதான். குளுக்கோஸ் டிரிப் ஓடினால் முன்கூட்டியே சலைனுக்கு மாற்றச் சொல்லுங்கள். விடியற்காலையில் வர்க்கியும் டீயும் கூடாது. சர்க்கரையில்லாத கட்டன் சாயாவும் கூடாது, கஃபீன் மூளையின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

மலைப்பாதையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குமட்டலுக்கு வாயில் போடும் ஆரஞ்சு மிட்டாய் விரதத்தைக் கெடுக்கும். வாந்தி மாத்திரையில் பல தூக்கத்தைத் தரும். தூங்கி வழியும் மூளை முழுக்கவே குறைவாக எரிக்கும். எலுமிச்சையை முகர்ந்துகொள்ளலாம். முதல் நாளே இறங்கித் தங்கிவிடுவதுதான் உத்தமம். பர்லியாறில் லாரி மறித்து நின்றால் மருந்து உங்களுக்காகக் காத்திருக்காது: அதிலுள்ள கதிரியக்கப் பொருளான ஃப்ளூரின்-18 ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் பாதியாகும்.

சென்றதும் சுகர் பார்ப்பார்கள். 160-க்குள் இருந்தால் நல்லது. 200-ஐத் தாண்டினால் பெரும்பாலும் தேதியை மாற்றுவார்கள். அவசரமாக இன்சுலின் போட்டு இறக்கினால் மருந்து தசைக்குப் போய்விடும், படம் மங்கும். ஊசி செயலிழக்காத கையில். சுமார் 5 மில்லிக்யூரி (கதிரியக்கத்தின் அளவு) மருந்து. அதற்குப் பத்து நிமிடம் முன்பிருந்தே மங்கலான, அமைதியான அறையில் படுக்க வேண்டும். பேச்சு, செல்போன் கூடாது. துணைக்கு வந்தவரும் வெளியே இருக்கட்டும். ஆட்டம் நிற்காதவருக்கு மயக்க மருந்து தேவையென்றால், அந்த அரை மணி கழிந்த பிறகே.

அதன் பின் படமெடுக்க 10 முதல் 20 நிமிடம். அன்று முழுவதும் கைக்குழந்தையை மடியில் வைக்க வேண்டாம்.

ரிப்போர்ட்டில் எதிர்ப்பக்கச் சிறுமூளை மங்கியிருப்பதாக வந்தால் புதிய பக்கவாதம் என்று பதற வேண்டாம். பெருமூளையிலிருந்து வரும் தொடர்பு அறுந்ததால் அது சோம்பிவிடுகிறது. இன்னொன்று: பாதித்த இடத்தில் சில வாரம் வரை அழற்சிச் செல்கள் குளுக்கோஸைத் தின்னும், படத்தில் அது பிழைத்த திசு போலத் தெரியக்கூடும். அதனால்தான் தாக்கிய தேதியும் பழைய எம்ஆர்ஐயும் படம் படிப்பவரின் கையில் இருக்க வேண்டும்.