வீட்டுப் பெரியவர்களின் தள்ளாட்டம்: நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி?

"வயசானா தள்ளாட்டம் வரத்தானே செய்யும்" என்று ஆயாவை நாற்காலியில் உட்கார வைத்துவிடுவது நம் வேலூர்ப் பக்கத்து வழக்கம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் உட்கார உட்காரத் தொடைத் தசை கரையும், தசை கரையக் கரையத் தள்ளாட்டம் கூடும். எங்கே கோளாறு என்று முதலில் பார்ப்போம்.

நேராக நிற்க மூளைக்கு மூன்று இடத்துச் செய்தி வேண்டும்: கண், உள்காது, பாதமும் கணுக்காலும். வயதாக ஆகக் கண்ணில் புரை விழுகிறது. தலை சாய்வதைச் சொல்லும் உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் குறைகின்றன. பாத நரம்புகளும் மந்தமாகின்றன. ஒன்று மங்கினால் மற்ற இரண்டும் ஈடுகட்டிவிடும் என்பதால் பகலில் எதுவும் தெரியாது. கரண்ட் போன ராத்திரியில் தெரியும். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது தெரியும். குளிக்கப் போன இடத்தில் விழுந்தார் என்றால் ஈரத்தரை மேல் மட்டும் பழி போடாதீர்கள்.

எதிர்வினையும் தாமதமாகிறது. காட்பாடி டவுன் பஸ்ஸில் பிரேக் போடும்போது கவனியுங்கள். இளசுகள் கணுக்காலை அசைத்தே சமாளித்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு இடுப்பு வளையும், இல்லையென்றால் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டியிருக்கும். அந்த அடி சற்று நேரம் கழித்து வருவதுதான் சிக்கல்.

படி 1: இடம்

சமையல் மேடை ஓரம் நல்ல இடம். நீங்கள் பக்கவாட்டில், சற்றுப் பின்னால், கை நீட்டினால் பிடிக்கிற தூரத்தில் நில்லுங்கள். தொடாதீர்கள். தள்ளாட்டம் திடீரென்று வந்து, பேச்சுக் குழறலோ ஒரு பக்கம் கை கால் தளர்ச்சியோ கூட இருந்தால் சோதனையே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

படி 2: நான்கு நிலை

கண் திறந்தபடி, ஒவ்வொன்றிலும் 10 நொடி. முதலில் இரண்டு பாதமும் ஒட்டி. அப்புறம் ஒரு பாதத்தை அரைப் பாதம் முன்னே தள்ளி. மூன்றாவது, ஒரு குதிகால் மற்றக் கால் விரலைத் தொட நேர்கோட்டில். கடைசியாக ஒற்றைக்கால். மூன்றாவதில் 10 நொடி தாங்கவில்லை என்றால் விழும் ஆபத்து அதிகம்.

படி 3: எழுந்து, நடந்து, திரும்பி

கைப்பிடி நாற்காலியிலிருந்து 3 மீட்டர் தள்ளிச் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை போய், திரும்பி வந்து உட்கார வேண்டும். செல்போனில் நேரம் பாருங்கள். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனம் தேவை.

என்னைக் கேட்டால் நொடியைவிடத் திரும்பும் இடம்தான் முக்கியம். இயல்பாகத் திரும்புகிறாரா, சின்னச் சின்ன அடியாக நகர்ந்து நகர்ந்தா? சுவரைத் தேடிக் கை போகிறதா? அடுத்த முறை நடக்கும்போதே, "போன ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிக்கு யார் யார் போனோம் ஆயா?" என்று கேளுங்கள். பதில் சொல்ல நடையை நிறுத்திவிட்டார் என்றால், நடப்பதற்கே மூளையின் முழுக் கவனமும் செலவாகிறது என்று அர்த்தம்.

படி 4: பிரஷர்

5 நிமிடம் படுக்க வைத்து அளந்து, எழுந்து நின்ற 1-ஆம் நிமிடமும் 3-ஆம் நிமிடமும் மறுபடி அளக்கவும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் எழும்போது வரும் கிறுகிறுப்புக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். நம் ஊர்க் கத்திரி வெயிலில் இது இன்னும் கூடும். ராத்திரி ஒன்றுக்கு எழுந்திருக்க வேண்டுமே என்று சாயந்திரத்துக்கு மேல் தண்ணீரே தொடாத பெரியவர்கள் எத்தனை பேர்! பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை கூடக் காரணமாகலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

படி 5: பாதம்

சர்க்கரை உள்ளவர்கள் "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்பார்கள். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை ஓரிரு நொடி லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டு தெரியவில்லை என்றாலே உணர்ச்சி குறைந்திருக்கிறது.

வேலூருக்கு இது பழைய பாடம். தொழுநோயாளிகளின் பாதம் புண்ணாகக் காரணம் வலி தெரியாமல் போவதுதான் என்று சி.எம்.சி.யில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் உலகுக்கே விளக்கினார். எம்.சி.ஆர். எனும் நுண்துளை ரப்பர் செருப்பு இந்த வட்டாரத்தில் பழகிப்போனதும் அந்த வழியில்தான். அது தோலைக் காக்கும். ஆனால் அடிப்பாகம் ரொம்ப மெத்தென்று இருந்தால் தரை தெரியாது, தள்ளாட்டம் கூடும். பின்வார் உள்ளதாக வாங்குங்கள்.

படி 6: பயிற்சி

கோட்டையைச் சுற்றி நடப்பது நல்லதுதான், சமநிலைக்கு அது மட்டும் போதாது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, பக்கவாட்டில் நடப்பது, நேர்கோட்டில் நிற்பது: இவற்றை வாரத்தில் 3 நாளாவது செய்ய வேண்டும். பிடியைக் குறைத்துக்கொண்டே போவதுதான் முன்னேற்றம். முதலில் இரண்டு கை, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல்.

ஒரு விரலுக்கு வரவே முடியவில்லை என்றால், அல்லது இதற்குள் ஒரு முறை விழுந்திருந்தால், பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கப் போகும்போது நொடிக் கணக்கையும் பிரஷர் எண்களையும் எழுதிய தாளைக் கையோடு கொண்டு போங்கள்.