ரேம் ஸ்லாட்டா, ஆன்போர்டா? மடிக்கணினி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கல்லூரிச் சேர்க்கை முடிந்த கையோடு மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பிள்ளைகளுடன் மதுரைக்கு வந்து மடிக்கணினி தேடும் பெற்றோர் பலர், 8 ஜிபி ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) இப்போதைக்குப் போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். பிறகு கூட்ட முடியுமா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எஸ்ஓடிம் ஸ்லாட், அதாவது மடிக்கணினிக்கான சிறிய ரேம் அட்டையைச் செருகும் இடம் உள்ள கணினியில் ரேமைக் கழற்றி மாற்றலாம். ஆனால் டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரு தலைமுறை ரேம்களின் விளிம்பில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் எல்பிடிடிஆர் வகை ரேம் சில்லுகளோ பெரும்பாலும் கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டிலேயே பற்றவைக்கப்படுகின்றன. இதை வெறும் வணிகத் தந்திரம் என்று சொல்லிவிட முடியாது. மின்செலவு குறைகிறது, கணினியும் மெலிகிறது. ஆயினும் நான்கு ஆண்டுப் படிப்புக்கு வாங்குபவருக்கு மெலிவைவிட ஸ்லாட்டே பயன் தரும் என்பது என் கருத்து.

விற்பனையாளரின் வாய்ச்சொல்லோடு நின்றுவிடாமல், கடையில் இயங்கும் விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதனுள் மெமரி என்று செல்லுங்கள். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் ‘எஸ்ஓடிம்’ என்றிருந்தால் ஸ்லாட். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் பற்றவைத்தது. அருகில் காட்டும் ஸ்லாட் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். பற்றவைத்த சில்லுகளையும் அது சில நேரங்களில் ஸ்லாட்டாகவே கணக்கிடும். பாதி பற்றவைத்து, ஒரு ஸ்லாட் மட்டும் விடும் மாடல்களும் உண்டு என்பதால், முழு மாடல் எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் விவரப் பட்டியலில் அதிகபட்ச ரேம் எவ்வளவு என்றும் பாருங்கள். ஸ்லாட்டே இல்லாததைத்தான் வாங்கியாக வேண்டுமெனில் தொடக்கத்திலேயே 16 ஜிபி எடுத்துவிடுங்கள்.

நாம் கேட்பதால் நிறுவனம் மாறுமா என்று சலித்துக்கொள்பவர்கள் லெனோவாவின் திங்க்பேட் டி14 மடிக்கணினியைக் கவனிக்கலாம். சில தலைமுறைகளாக ரேமின் ஒரு பகுதியையாவது பற்றவைத்தே விற்ற லெனோவா, 2024-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் இரண்டு எஸ்ஓடிம் ஸ்லாட்டுகளைத் தந்தது. அலுவலகங்கள் மொத்தமாக வாங்கும் வரிசை அது. எல்பிடிடிஆர் ரேமையே திருகு போட்டுக் கழற்றி மாட்டும் எல்பிகேம்2 என்ற வடிவமும் அதே ஆண்டு திங்க்பேட் பி1-இல் வந்துவிட்டதால், மெலிவுக்காகப் பற்றவைத்தே ஆக வேண்டும் என்ற வாதமும் வலுவிழந்துவிட்டது.

ஆகவே ஒரு மாடலை வேண்டாமென்று திரும்பும்போது, ரேமை மாற்ற முடியாததே காரணம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். எதைக் கொள்முதல் செய்வது என்று முடிவெடுப்பவர் அவர். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் மாடல் எண்ணோடு எழுதுங்கள். இவற்றைவிட வலுவான வழி மொத்தக் கொள்முதல்தான். நீங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கோ அலுவலகத்துக்கோ விலைப்புள்ளி கோரும் பொறுப்பில் இருந்தால், ‘16 ஜிபி ரேம்’ என்பதோடு நிறுத்தாமல், ‘பயனர் மாற்றக்கூடிய இரண்டு எஸ்ஓடிம் ஸ்லாட்டுகள், அவற்றுள் ஒன்று காலியாக’ என்று நிபந்தனையிலேயே எழுதிவிடுங்கள்.